வாய் திறக்காத மாப்பிள்ளை

“எந்தப் பல்லு மாமா?”

“இந்தப் பக்கம்தான்” என்று வலது கன்னத்தை மொத்தமாக உள்ளங்கையால் மூடிக் காட்டினார் மாமனார்.

பல் டாக்டர் கையில் உறையை மாட்டிக்கொண்டார். எத்தனையோ பேர் வாய்க்குள் போய்விட்டுப் பத்திரமாகத் திரும்பி வந்த கை அது. ஆனால் இன்று நாற்காலியில் சாய்ந்திருந்த வாய் லேசுப்பட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஒரு சபையையே கட்டிப்போட்டு உட்கார வைக்கிற வாய். போதகர் ஐயா பிரசங்க பீடத்தில் ஏறி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு “பிரியமானவர்களே” என்றாரானால், அழுதுகொண்டிருக்கிற கைக்குழந்தைகூட என்னவோ ஏதோ என்று நிறுத்திவிடும்.

அப்பேர்ப்பட்ட மனிதருக்கு மாப்பிள்ளையாக வாய்த்தவர், நாள் முழுக்க அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்லியே பிழைத்தாரே தவிர, தன் வாயைத் திறந்ததே கிடையாது. யாராவது வீட்டுக்கு வந்தால் மாமனார் பெருந்தன்மையாக அறிமுகம் செய்து வைப்பார். “இவர்தான் எங்க மாப்பிள்ளை. பேச மாட்டார்.” ஏதோ ஊனத்தைச் சொல்வது போலச் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார். டாக்டருக்கு அது உள்ளுக்குள் சுருக்கென்று தைக்கும். இவர் வாயிலிருந்து நம்மைப் பற்றி ஒரே ஒரு நல்ல வார்த்தை வராதா என்று கல்யாணமான நாளிலிருந்து காத்துக்கொண்டிருக்கிறார். இன்னும் வரவில்லை.

டாக்டர் விளக்கைத் தாழ்த்திப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். எக்ஸ்ரே எடுத்தும் பார்த்தார். கடைவாயில் பழைய அடைப்பு ஒன்று இருந்தது. பல் கொஞ்சம் ஆடுகிற மாதிரியும் இருந்தது, ஆடாத மாதிரியும் இருந்தது. மற்றபடி ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் மாமனார் வலிக்கிறது என்றால் வலிக்கத்தானே வேண்டும்?

“பயப்படற மாதிரி ஒண்ணுமில்ல மாமா. ஒரு மாத்திரை தரேன். நாளைக்கு நீங்க தாராளமா பிரசங்கம் பண்ணலாம்.”

மாமனார் முகம் சுருங்கியது. “மாத்திரைக்கு இது கேக்காதுன்னு தோணுது மாப்பிள்ளை.”

“அப்போ பழைய அடைப்பை எடுத்துட்டுப் புதுசா அடைச்சு விட்டுடறேன். சாயங்காலமே சரியாயிடும்.”

“சாயங்காலமேவா? ஐயையோ, இப்போ ரொம்ப அதிகமா வலிக்குதே!”

சமாதானம் சொல்லச் சொல்ல வலி ஏறிக்கொண்டே போனது. டாக்டர் கலங்கிப் போனார். பக்கத்தில் தட்டை ஏந்தி நின்ற உதவியாளர் அக்காவைப் பார்த்தார். டாக்டருக்கு முன்பிருந்தே அந்தக் கிளினிக்கில் இருப்பவர் அவர். அவர் உதட்டைப் பிதுக்கினார்.

“வேற வழியே இல்லன்னா... எடுத்துடலாம் மாமா” என்றார் டாக்டர் தயங்கித் தயங்கி. “ஆனா எடுத்துட்டா...”

“எடுத்துட்டா?” மாமனார் தலையைத் தூக்கினார்.

“இன்னைக்கும் நாளைக்கும் நீங்க பேசக் கூடாது.”

மாமனார் ஒரு கணம் கண்ணை மூடினார். பிறகு, சிலுவை சுமக்கிற பாவனையில், தலையைப் பின்னால் சாய்த்து வாயை அகலமாகத் திறந்தார். எப்பேர்ப்பட்ட தைரியசாலி என்று டாக்டர் மனசுக்குள் வியந்தபடி ஊசியை எடுத்தார்.

பல் சுலபத்தில் வருவதாக இல்லை. ஆடுகிறது என்று நினைத்தது தப்பு. ஒரு வழியாக வந்து தட்டில் ‘டக்’ என்று விழுந்தது. அக்கா பஞ்சைத் திணித்துவிட்டு, எல்லாருக்கும் சொல்கிற மாதிரியே ஒப்பித்தார்.

“பஞ்சை நல்லாக் கடிச்சுக்குங்க. கொப்பளிக்கக் கூடாது, சூடா எதுவும் சாப்பிடக் கூடாது, மூச்! பேசக் கூடாது. ஐஸ்கிரீம் மட்டும் எவ்வளவு வேணா சாப்பிடலாம்.”

மாமனார் முகம் மலர்ந்தது. ஐஸ்கிரீம் என்றதும் மலர்ந்தது என்று இரண்டு பேரும் நினைத்துக்கொண்டார்கள்.

அப்புறம்தான் டாக்டருக்கு உறைத்தது. “ஐயோ மாமா, நாளைக்குப் பிரசங்கம் யார் பண்றது? துணைப் போதகர் வேற பிரசவத்துக்காக வீட்டுக்காரம்மாவைக் கூட்டிக்கிட்டு ஊருக்குப் போயிட்டாரே!”

வாய் நிறைய பஞ்சோடு மாமனார் மெதுவாகக் கையைத் தூக்கினார். ஆள்காட்டி விரல் டாக்டரை நோக்கி நீண்டது. டாக்டர் திரும்பிப் பின்னால் பார்த்தார். பின்னால் வாய் கழுவுகிற தொட்டிதான் இருந்தது.

“நானா?”

விரல் அசையவில்லை.

“பல்லைப் பிடுங்கினவர் பேச வேண்டியதுதான் டாக்டர், நியாயம்தானே” என்றார் அக்கா, தட்டைக் கழுவிக்கொண்டே.

மறுக்கத்தான் நினைத்தார் டாக்டர். ஆனால் மனசின் மூலையில் ஒரு ஆசை எட்டிப் பார்த்தது. நாளைக்கு மட்டும் நன்றாகப் பேசிவிட்டால்? மாமனார் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பாரே! “நல்லாப் பேசினீங்க மாப்பிள்ளை” என்று சொல்லாமலா போய்விடுவார்? பேச மாட்டார், பேச மாட்டார் என்று ஊரெல்லாம் சொன்ன வாயாலேயே சொல்ல வேண்டும்.

“சரி மாமா” என்று சொல்லிவிட்டார். 

பிரசங்கத்துக்கு என்ன பொருள் எடுப்பது என்று யோசித்தார். தனக்குத் தெரிந்தது வாய். வாய்க்குள் இருக்கிற பல்லைப் பற்றி வேதத்தில் சொல்லியிருப்பது பெரும்பாலும் நரகத்தில் அதைக் கடிக்கிற விஷயம்தான். அது வேண்டாம் என்று விட்டுவிட்டு நாக்கை எடுத்துக்கொண்டார். நாக்கை அடக்குவது எப்படி? நல்ல பொருள், கையருகிலேயே இருப்பது.

மத்தியானம் முதல் ஆளாகத் தையல்காரர் வந்து சேர்ந்தார். சபையின் பழைய அங்கத்தினர், சொத்தைப் பல். அவர் வாயைத் திறந்ததும் டாக்டருக்கு ஒரு யோசனை தோன்றியது. ஆள் எங்கேயும் எழுந்து போக முடியாது. எதிர்த்துப் பேசவும் முடியாது. ஒத்திகைக்கு இதைவிட நல்ல சபை கிடைக்குமா?

“நாக்கு இருக்கே, நாக்கு!” என்று மிஷினை ஓட்டியபடி ஆரம்பித்தார். “அது சின்ன உறுப்புதான். ஆனா அது பண்ற வேலை இருக்கே!”

“ஆ... ஆ...” என்றார் தையல்காரர்.

டாக்டருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. எடுத்த எடுப்பிலேயே பலன்! குரலை உயர்த்தினார். “ஒரு வார்த்தையால எத்தனை மனசு புண்பட்டிருக்கு தெரியுமா?”

“ஆஆ... ஆஆஆ!” தையல்காரரின் கண்ணோரத்தில் நீர் வழிந்தது. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்திருந்த கை உயர்ந்து காற்றில் ஆடியது. இவ்வளவு உருகுவார் என்று டாக்டர் எதிர்பார்க்கவில்லை. ஒத்திகையே இப்படி என்றால் நாளைக்குச் சபை என்ன பாடுபடுமோ!

முடித்துவிட்டு எச்சில் உறிஞ்சுகிற குழாயை எடுத்ததும் டாக்டர் ஆவலோடு குனிந்தார். “எப்படி இருந்துச்சு?”

“எப்படி இருந்துச்சா? மரத்துப் போகல, இன்னொரு ஊசி போடுங்கன்னு அப்போ பிடிச்சுக் கத்திக்கிட்டே இருக்கேன் டாக்டர்!”

டாக்டருக்கு முகம் வெளிறியது. ஆயிரம் தடவை மன்னிப்புக் கேட்டார். தையல்காரர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, “ஏதோ நாக்கைப் பத்திச் சொன்னீங்களே, அது என்ன?” என்று கேட்டபோது சொல்ல நாக்கு எழவில்லை.

“விடுங்க டாக்டர்” என்று தேற்றினார் உதவியாளர் அக்கா. “உங்க பிரசங்கத்தைக் கேட்டு ஒரு மனுஷன் அழுதுட்டார் இல்ல? அதுவே பெரிசு.”

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மாமனார் சோபாவில் சம்மணம் போட்டு ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாமியார் தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்ததால் வார இறுதிக்கு அவருக்கு இங்கேதான் ஜாகை. கன்னம் ஒரு பக்கம் கொழுக்கென்று வீங்கியிருந்தாலும் முகத்தில் என்னவோ குழந்தைக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்ட களை.

“அப்பாவைப் பாருங்க, இவ்வளவு வலியிலயும் எப்படிச் சிரிச்ச முகமா இருக்கார்!” என்று மனைவி பூரித்துப் போனாள். பாடகர் குழுவை நடத்துகிறவள் அவள். சின்ன வயசிலிருந்தே பிரசங்கத்துக்கு நடுவிலேயே வளர்ந்தவள். “அப்பாவுக்குப் பயம்னா என்னன்னே தெரியாதுங்க. மேடை ஏறினா சிங்கம். சனிக்கிழமை ஆயிட்டா ரூமைச் சாத்திக்கிட்டு ஜெபத்துல உட்கார்ந்துடுவார். நாங்க யாரும் கிட்டப் போகக் கூடாது, அம்மா மட்டும்தான் போவாங்க. சரி, நீங்க பேசிக் காட்டுங்க, பார்ப்போம்.”

டாக்டர் சாப்பாட்டு மேஜைக்குப் பின்னால் நின்று பேசிக் காட்டினார். அவள் பாதியிலேயே கையை உயர்த்தினாள்.

“எங்கே பாத்துப் பேசறீங்க?”

“உன்னைத்தான்.”

“என் வாயைப் பார்த்துப் பேசறீங்க! கண்ணைப் பார்த்துப் பேசணும்.”

டாக்டர் கண்ணைப் பார்த்தார். பார்த்ததும் பேச்சு நின்றுவிட்டது. மறுபடி பற்களுக்கு இறங்கினார், பேச்சு வந்தது. நாலைந்து தடவை முயன்று பார்த்தும் இதே கதைதான்.

“சரி, ஒண்ணு பண்ணுங்க” என்றாள் மனைவி. “இத்தனை பேரையும் பார்க்கணும்னு நினைக்காதீங்க. ஒரே ஒருத்தர் முகத்தைப் பிடிச்சுக்குங்க. அவங்களுக்கே சொல்ற மாதிரி நேராச் சொல்லுங்க. அவங்க முகம் சரியில்லையா, அடுத்த முகத்துக்குப் போயிடுங்க. அதான் சூட்சுமம்.”

சோபாவிலிருந்து மாமனார் ‘ம்ம், ம்ம்’ என்று ஆமோதித்தார். பிறகு தன் பங்குக்குக் கரண்டியை வைத்துவிட்டுக் கையால் ஏற்பாடு செய்து காட்டினார். நான் முன்வரிசையில் உட்காருவேன். கை மேலே போனால் சத்தமாகப் பேசு. கீழே இறங்கினால் மெதுவாகப் பேசு. மனைவி மொழிபெயர்க்க, டாக்டர் மனசுக்குள் எழுதிக்கொண்டார்.

“ஆமா, எதுக்கு இவ்வளவு பாடுபடறீங்க? நாலு வார்த்தை பேசிட்டு ஜெபம் பண்ணி முடிச்சுட வேண்டியதுதானே?” என்று சமையலறையில் வைத்து மெல்லக் கேட்டாள் மனைவி.

டாக்டர் சுற்றிவளைக்காமல் சொல்லிவிட்டார். “மாமா நல்லாருந்துச்சுன்னு சொல்லணும். அவ்வளவுதான்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே பாவமாகவும் இருந்தது. “அப்போ அப்பாவுக்காகப் பேசப் போறீங்க. சபைக்கு யாருங்க பேசறது?”

டாக்டர் கழுவின டம்ளரையே மறுபடி கழுவினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கோயில் நிரம்பி வழிந்தது. போதகர் ஐயாவுக்குப் பதிலாக அவருடைய பேசாத மாப்பிள்ளை பேசப் போகிறார் என்ற செய்தி பரவியிருந்தது. அதைப் பரப்பிய பெருமை, பாடகர் குழுவில் முதல் ஆளாக நிற்கிற இன்னொரு அக்காவுடையது. நல்ல மனசு, நல்ல குரல். ஒரு செய்தி காதில் விழுந்தால் அதை வைத்துக்கொண்டு தூங்க மட்டும் அவருக்குத் தெரியாது.

டாக்டர் பீடத்தில் ஏறினார். கையைத் துடைத்துக்கொண்டார். உறை மாட்டாத கை அவருக்கே அந்நியமாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தார். அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்! வாழ்க்கையில் இத்தனை மூடிய வாய்களை அவர் ஒரே இடத்தில் பார்த்ததில்லை. 

மனைவி சொன்னபடி ஒரு முகத்தைத் தேடினார். பக்கத்திலேயே பளிச்சென்று தெரிந்தது பாடகர் குழு அக்கா முகம். பிடித்துக்கொண்டார்.

“நாக்கு” என்றார் அவரைப் பார்த்து. “சின்னதுதான். ஆனா எத்தனை வீட்டைக் கலைச்சிருக்கு!”

அக்காவின் புன்னகை அப்படியே நின்றது.

“காலையில ஒரு வீட்டுல கேட்டதை மத்தியானத்துக்குள்ள எல்லா வீட்டுலயும் கொண்டுபோய்ச் சேர்க்கிற நாக்கு!” டாக்டர் பாடம் செய்ததைத்தான் சொன்னார், பாவம். ஆனால் நேராக, அவருக்கே சொல்கிற மாதிரி சொன்னார். சூட்சுமம் அதுதானே? பின்வரிசையில் யாரோ ‘க்ளுக்’ என்று சிரித்தார்கள். அக்காவின் முகம் சிவந்து, பாட்டுப் புத்தகம் மூக்கு வரைக்கும் உயர்ந்தது.

முகம் சரியில்லை. அடுத்த முகத்துக்குப் போக வேண்டும். டாக்டர் அவசரமாகத் திரும்பினார். தையல்காரர் அகப்பட்டார்.

“இன்னும் சில நாக்கு இருக்கு. சொன்ன சொல்லைக் காப்பாத்தாது. நாளைக்கு, நாளைக்குன்னு இழுக்கும். நாளைக்கு வந்து நின்னா அடுத்த வாரம்னு சொல்லும்!”

சபை கொல்லென்று சிரித்தது. அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேருடைய துணி இன்னும் தையல்காரர் கடையில் வெட்டாமல் கிடந்தது. ஒரு அம்மா “நல்லாக் கேளுங்க!” என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். தையல்காரர் பாதி எழுந்து, எங்கே போவது என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார். நேற்று இன்னொரு ஊசி போடாமல் குடைந்தது போதாதா என்று அவர் கண் கேட்டது.

டாக்டருக்கு வேர்த்து ஊற்றியது. அந்தச் சமயம் பார்த்து முன்வரிசையில் மாமனாரின் கை மேலே போனது. வேறொன்றுமில்லை, ஐஸ் பையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். டாக்டருக்கு அது எப்படித் தெரியும்? சத்தமாகப் பேசச் சொல்கிறார் என்று குரலை உயர்த்தினார். கை கன்னத்தை விட்டு இறங்கவில்லை. இன்னும் உயர்த்தினார். கை இன்னும் கொஞ்சம் மேலே, காதுப்பக்கம் நகர்ந்தது. டாக்டர் முழுத் தொண்டையில் கத்தினார். கத்துகிற கத்தலில் பார்வையும் மாமனார் மேலேயே நிலைத்துவிட்டது.

“கடைசியாச் சொல்றேன்! சிலபேர் வாயைத் திறக்காம இருக்கிறதே சபைக்குப் பெரிய ஆசீர்வாதம்!”

  வீங்கின கன்னத்தோடு, காலையில் மாற்றி வைத்த பஞ்சைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த போதகர் ஐயாவை எல்லாரும் பார்த்தார்கள். பிறகு டாக்டரைப் பார்த்தார்கள். பாடகர் குழுவில் மனைவி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

டாக்டருக்குத் தலைக்குள் இருந்த அத்தனையும் காலியானது. நாக்கும் போயிற்று, பிரசங்கமும் போயிற்று. தான் யார், இங்கே எதற்கு நிற்கிறோம் என்பதே மறந்துவிட்டது. அப்படி மறந்துபோன மனிதன் என்ன செய்வான்? தினமும் செய்வதைத்தான் செய்வான்.

“எல்லாரும் நல்லா வாயைத் திறங்க” என்றார்.

முன்வரிசையில் இருந்தவர்கள் பெரும்பாலும் அவருடைய நோயாளிகள். யோசிக்காமல் ‘ஆ’ என்று திறந்தார்கள். தையல்காரர்தான் எல்லாரையும்விட அகலமாகத் திறந்தார். பக்கத்து வரிசையில் ஒரு பெரியவர், இது ஏதோ புது மாதிரி ஜெபம் என்று கண்ணையும் மூடிக்கொண்டு திறந்தார். ஒரு நொடிதான். அதற்குள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துவிட்டார்கள். அவ்வளவுதான், கோயில் கூரை பறக்கிற மாதிரி சிரிப்பு வெடித்தது. பாட்டுப் புத்தகத்துக்குப் பின்னால் இருந்த அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டார்.

டாக்டர் பார்த்தார். சபை முழுக்க வாய் திறந்திருந்தது. அதோ நான் கட்டின பல். அதோ நான் அடைத்த கடைவாய். வரச் சொல்லி வராமலே இருக்கிற சிங்கப்பல் அதோ. எல்லாம் தெரிந்த இடம், தெரிந்த மனிதர்கள்!  அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

“மன்னிச்சுக்குங்க” என்றார், கிளினிக்கில் பேசுகிற அதே தணிந்த குரலில். “எனக்குப் பயமா இருக்கு. அதான் இப்படியெல்லாம் உளறிட்டேன்.”

சிரிப்பு மெல்ல அடங்கியது.

“உண்மையைச் சொல்லிடறேன். உங்களுக்காகப் பேச நான் வரல. மாமா நல்லாருக்குன்னு சொல்லணும்னு வந்தேன். நேத்தே என் வீட்டுல கேட்டாங்க, அப்போ சபைக்கு யார் பேசறதுன்னு. பதில் சொல்லத் தெரியல.” கொஞ்சம் நிறுத்தினார். “இப்போ எனக்குத் தெரிஞ்ச ஒண்ணே ஒண்ணைச் சொல்லிட்டு இறங்கிடறேன். என் நாற்காலியில உட்கார்றவங்களுக்கு எல்லாம் பயம்தான். பெரிய பெரிய ஆளுங்க, மீசையை முறுக்கிட்டு வருவாங்க. உட்கார்ந்ததும் கைப்பிடியை இறுக்கிப் பிடிச்சுக்குவாங்க. எனக்கொண்ணும் பயமில்ல டாக்டர்ம்பாங்க. அப்படிச் சொல்றவங்களுக்குத்தான் வலி ஜாஸ்தி. ஏன்னா பயத்தையும் தாங்கணும், அதை மறைக்கிற பாரத்தையும் சேர்த்துத் தாங்கணும்.”

 அவர் யார் முகத்தையும் தேடிப் பிடிக்கவில்லை. எல்லாரும் அவர் முகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

“ஆரம்பத்துல நான் எல்லார்கிட்டயும் பயப்படாதீங்க, பயப்படாதீங்கன்னு சொல்லிட்டிருப்பேன். ஒருத்தருக்கும் பயம் போனதில்ல. ஒருநாள் ஒரு அம்மா, சின்னப் பொண்ணு மாதிரி நடுங்கறாங்க. என்ன பண்றதுன்னு தெரியாம தோள்ல கையை வெச்சு, ‘எனக்குத் தெரியும்மா, நான் இங்கேதான் இருக்கேன், எங்கேயும் போக மாட்டேன்’னேன். கைப்பிடியை விட்டுட்டாங்க. அன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது. ஆண்டவர் பயப்படாதேன்னு சொல்லிட்டு அந்தப் பக்கம் போயிடறவர் இல்ல. நான் உன்கூட இருக்கேன்னு சேர்த்துச் சொல்றவர். அவர்கிட்டயாவது பயமா இருக்குன்னு சொல்லிடுங்க. அவர்கிட்ட என்ன வெட்கம்?”

முன்வரிசையில் மாமனாரின் தோள் குலுங்கியது. ஐஸ் பை மடியில் விழுந்து கிடந்தது. போதகர் ஐயா, சபையையே அழ வைக்கிற மனிதர், தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார். மாத்திரையின் வேகம் தணிந்து வலி தொடங்கிவிட்டது போல என்று டாக்டருக்குப் பகீரென்றது. சட்டென்று முடித்துவிட்டார்.

“அவ்வளவுதான், முடிஞ்சுது. வலிக்கலையே?”

“இல்லை!” என்றது சபை ஒரே குரலில். அப்புறம்தான் ஞாபகம் வந்து எல்லாரும் “ஆமென்” சொன்னார்கள்.

ஆராதனை முடிந்ததும் வாசலில் ஒரே கூட்டம். தையல்காரர் வந்து டாக்டர் கையைப் பிடித்துக் குலுக்கினார். “நேத்து அழுதது வேற, இன்னைக்கு அழுதது வேற டாக்டர். உங்க பேன்ட் செவ்வாய்க்கிழமை ரெடி. நிஜமான செவ்வாய்க்கிழமை.” பாடகர் குழு அக்கா விரலை ஆட்டினார். “என்னைப் பார்த்து என்னவெல்லாம் சொல்லிட்டீங்க தம்பி! கோவம்தான். ஆனா அந்த நாற்காலி விஷயத்தை மட்டும் நான் ஊரெல்லாம் சொல்லத்தான் போறேன், ஆமா.” மனைவி கிட்டே வந்தாள். கூட்டத்துக்கு நடுவிலேயே கணவனின் சட்டைக் காலரைச் சரிசெய்து விட்டாள். அவளுக்குக் கண்ணெல்லாம் சிரிப்பு.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாமனார் வந்தார். வந்தவர் டாக்டரை இறுகக் கட்டிக்கொண்டார். விடுகிற மாதிரியே தெரியவில்லை. பிறகு, பேசக் கூடாது என்பதையும் மீறி, பஞ்சுக்கு நடுவிலிருந்து ஏதோ சொன்னார்.

“அஆஆ... ஏஇ ஈங்க... ஆஆ இஐ.”

சுற்றி நின்றவர்களுக்கு ஒரு எழுத்தும் விளங்கவில்லை. மகளுக்கே விளங்கவில்லை. ஆனால் பஞ்சு அடைத்த வாய்கள் பேசுவதைக் கேட்டே காலம் கழித்தவருக்கு விளங்காமல் போகுமா? நல்லாப் பேசினீங்க மாப்பிள்ளை. ஒரு வார்த்தை குறையாமல் விளங்கிற்று. டாக்டர் சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் மாமனாரின் முதுகைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். இத்தனை வருஷம் காத்திருந்தது வீண்போகவில்லை.

அப்போதுதான் மாமியார் பையும் கையுமாகக் கூட்டத்துக்குள் நுழைந்தார். பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் கோயிலுக்கு வந்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பின்பாதியைக் கேட்டிருக்கிறார். “ரொம்ப நல்லாச் சொன்னீங்க மாப்பிள்ளை, மனசு நெறைஞ்சு போச்சு” என்றவர், புருஷனின் முகத்தைப் பார்த்ததும் திகைத்தார். “இவருக்கு என்ன, கன்னம் இப்படி வீங்கிக் கிடக்கு?”

“ஒண்ணுமில்ல அத்தை, வலி பொறுக்க முடியாம நேத்து வந்தார். கடைவாய்ப் பல்லை எடுத்துட்டேன். பாவம், இன்னும் வலி விடல போல. பேசும்போது பார்த்தேன், அழுதுட்டார்.”

மாமனார் மெதுவாக நகர்ந்து ஒரு தூணுக்குப் பின்னால் போகப் பார்த்தார். மாமியார் பையைத் தொப்பென்று கீழே வைத்துவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

“அடக் கடவுளே! நாளைக்குப் பேசணுமேங்கிற பயத்துல கல்யாணமான நாள்லேர்ந்து இவருக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் எங்கேயாவது ஒரு இடத்துல வலிக்கும் மாப்பிள்ளை. நான் ஒரு டம்ளர் வெந்நீர் குடுத்து அனுப்பிடுவேன், நீங்க நெஜம்னு நம்பிப் பல்லையே பிடுங்கிட்டீங்களே!”